ஒன்ராறியோவிலிருந்து கொழும்புக்கு: டொக்டர் மேரி இரத்தினம் அம்மையார்

நமது அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி எழுத இம்மலரில் பலர் இருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவர் நமது பாடசாலையில் படித்தவருமல்லர், படிப்பித்தவருமல்லர். ஆனாலும் ஒரு நூற்றாண்டு மலரில் அவருக்கு இடம் வேண்டும் என்று நினைக்கிறேன். நமது சங்கம் தொடங்கிய காலத்தில் இந்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் சட்ட நிரூபண சபைத் தேர்தலில் வாக்கு இல்லை. இன்று நாம் அதை ஒரு செய்தியாகக்கூட நினைப்பதில்லை. தேர்தல் நாளில் அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசைக்கு வழி செய்தவர்களில் ஒருவர் டொக்டர் மேரி இரத்தினம்.

அவர் பிறந்தபோது மேரி ஹெலன் ஏர்வின். 1873 யூன் 2ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்ற சிற்றூரில் பிறந்து, ஹியூரன் ஏரிக்கரையிலுள்ள கின்கார்டினில் வளர்ந்தார். பிரெஸ்பிட்டேரியன் குடும்பம். அந்தக் காலத்தில் கனடாவிலும் பெண்கள் மருத்துவம் படிப்பது எளிதாக இருக்கவில்லை. ஆண்களின் கல்லூரிகள் இடம் தர மறுத்ததால் 1883இல் ரொறொன்ரோவில் பெண்களுக்கெனத் தனி மருத்துவக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். மேரி படித்தது அங்கேதான். இன்று ரொறொன்ரோவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த மகளிர் கல்லூரி வைத்தியசாலை அந்த மரபில் வந்ததுதான். பேரப்பிள்ளையைக் காட்டவோ தமது பரிசோதனைக்கோ அங்கே போய்வந்த சகோதரிகள் இதைப் படிக்கும்போது புன்னகைக்கக் கூடும்.

படிப்பு முடிந்ததும் மிஷனரி வைத்தியராகப் போக விரும்பினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன் நெடுங்காலமாக இருந்தது. டொக்டர் கிறீன் தொடக்கிவைத்த மருத்துவப் பணி மானிப்பாயில் வேரூன்றியிருந்தது. ஆனால் ஆண் வைத்தியரிடம் தம்மைக் காட்டிக்கொள்ள நம் பெண்கள் தயங்கினார்கள். பிரசவத்தில் ஒரு பெண்ணின் உயிர் போய்க்கொண்டிருந்தாலும் வீட்டார் வைத்தியரை உள்ளே விடாத காலம் அது. ஆகவே பெண்களுக்குப் பெண் வைத்தியர்கள் தேவைப்பட்டார்கள். இணுவிலில் மக்லியொட் பெண்கள் ஆஸ்பத்திரி 1898இல் திறக்கப்பட்டதும் இதே தேவையால்தான். மேரி ஏர்வினும் இந்தப் பணிக்கே தெரிவானார்.

புறப்படுமுன் மேற்பயிற்சிக்காக நியூயோர்க் போனார். அங்கே அமெரிக்காவில் படிக்க வந்திருந்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம். எஸ். சி. கே. இரத்தினம் என்றே பின்னர் அறியப்பட்டார். இருவரும் 1896இல் நியூயோர்க்கிலேயே விவாகம் செய்துகொண்டார்கள்.

இங்கேதான் அவருடைய வாழ்க்கை திரும்புகிறது. யாழ்ப்பாணத்துக்கு வைத்தியராக வரவேண்டியவர், யாழ்ப்பாணத்து மருமகளாகவும் வந்து இறங்கினார். மிஷனுக்கு இது பிடிக்கவில்லை. சுதேசிகளுக்குத் தொண்டு செய்ய ஒரு வெள்ளைக்காரப் பெண் வரலாம். சுதேசி ஒருவரின் மனைவியாக அவர் அவர்களுக்குள் வாழ்வதை அவர்களால் ஏற்க முடியவில்லை. அவருக்கென்று இருந்த வேலை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. கணவரும் கிறிஸ்தவர், படித்தவர், மிஷன் பாடசாலைகளின் வழியே மேலே வந்தவர். ஒரே தேவனின் பிள்ளைகள் என்று ஞாயிறுதோறும் போதித்தவர்களுக்கு நிறம் மட்டும் கண்ணில் பட்டது.

நம் பக்கத்திலும் இந்தக் கலியாணத்தை எல்லோரும் மனம் திறந்து வரவேற்றிருப்பார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. இன்றைக்கும் வெளிநாட்டில் பிள்ளை ஒரு வெள்ளைக்காரியைக் கொண்டுவந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. நூற்றிருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் இந்த விஷயத்தில் நாம் வெகுதூரம் போய்விடவில்லை.

இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் கப்பலில் பல கிழமைத் தூரம். வந்த வேலை இல்லை. வேறு ஒருவராயிருந்தால் அடுத்த கப்பலைப் பார்த்திருப்பார். மேரி கணவரோடு கொழும்புக்கு வந்தார். லேடி ஹவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியில் சிறிது காலம் அரசாங்க வைத்தியராக வேலை செய்தார். இலங்கை மருத்துவக் கல்லூரி பெண் மாணவிகளைச் சேர்க்கத் தொடங்கியது 1892இல்தான். ஆகவே நாடு முழுவதிலும் பெண் வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருந்தார்கள். பின்னர் அவர் சொந்தமாகப் பெண்களுக்கான வைத்தியத் தொழிலைக் கொழும்பில் நடத்தினார். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். கணவர் கல்விப் பணியில் ஈடுபட்டார். வீடும் நோயாளரும் பிள்ளைகளுமாக அவர் ஓடிய ஓட்டத்தை வேலைக்குப் போகும் தாய்மாருக்கு விளக்க வேண்டியதில்லை.

வைத்தியர் ஒருவருக்குத் தெரிந்த உண்மைகள் சில உண்டு. இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு எவ்வளவு மருந்து கொடுத்தாலும், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவளாகவே இருந்தால் பயனில்லை. கிணற்றுத் தண்ணீர் அசுத்தமாயிருந்தால் குழந்தைக்கு மறுபடியும் வயிற்றோட்டம் வரும். எட்டாவது பிள்ளை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவளுக்கு ஆஸ்பத்திரியால் என்ன செய்ய முடியும்? மேரி அம்மையார் வைத்தியத்திலிருந்து சங்கங்களுக்கும், சங்கங்களிலிருந்து அரசியலுக்கும் வந்த பாதை இப்படித்தான் போடப்பட்டது என்பது என் எண்ணம். பொழுதுபோக்குக்காகச் சங்கம் சேர்த்தவரல்லர் அவர்.

1904இல் இலங்கைப் பெண்கள் சங்கம் உருவாக அவர் துணைநின்றார். நகரத்தில் தனியே வேலை செய்த இளம் பெண்களுக்காக இயங்கிய பெண்கள் நட்புச் சங்கத்திலும் அவர் கை இருந்தது. 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கம் தோன்றியபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வீணையும் பரதமும் பயிற்றிவரும் கலாலயம் இந்தச் சங்கத்தினுடையதே. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வளர்ந்த நம்மில் எத்தனை பேர் சனிக்கிழமை காலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போயிருப்போம்! அந்தச் சங்கத்தின் தொடக்கத்தில் கின்கார்டினில் வளர்ந்த ஒரு பெண் இருந்தார் என்று அப்போது யாராவது நமக்குச் சொன்னார்களா?

பாடசாலைகளையும் அவர் மறக்கவில்லை. சுகாதாரத்தையும் மனையியலையும் பற்றிப் பாடநூல்கள் எழுதினார். உணவு, துப்புரவு, குழந்தை வளர்ப்பு, வீட்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் இந்நாட்டுக் காலநிலைக்கும் சமையலறைக்கும் ஏற்ப எழுத ஆள் இல்லாதிருந்த காலம். மனையியல் என்றால் கேக் சுடுவதும் தையலும் என்று நாம் ஏளனமாகப் பேசியதுண்டு. அவர் அதை உயிர் காக்கும் பாடமாகவே பார்த்தார்.

இனி வாக்குரிமைக்கு வருகிறேன். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கூட்டப்பட்டது. லேடி டெய்சி டயஸ் பண்டாரநாயக்க, அக்னஸ் டி சில்வா ஆகியோரோடு மேரி இரத்தினம் முன்னணியில் நின்றார். சிங்களவர், தமிழர், பறங்கியர் என்ற பிரிவு இந்தச் சங்கத்தில் பெரிதாக இருக்கவில்லை. ஆணைக்குழுவின் முன் அவர்கள் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அக்னஸ் டி சில்வா சற்றும் தயங்காமல் அவர்களும் பெண்கள்தானே என்று பதில் கொடுத்தார். கொழும்பு வரவேற்பறைகளிலிருந்து வந்த சீமாட்டிகள் என்று அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அன்று அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொன்னார்கள். இருபது வருடங்கள் கழித்து, சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அந்தத் தோட்டத்துப் பெண்களையும் ஆண்களையும் நாடற்றவர்களாக்கியது. அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

எதிர்ப்பும் நம் வீட்டிலிருந்தே வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைக் கட்டியவரும் அவரே. அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையார் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். பெண் படிக்கலாம், வீணை வாசிக்கலாம், தேவாரம் பாடலாம்; நாட்டை ஆள்பவரைத் தெரிவு செய்யும் தலையிடி மட்டும் அவளுக்கு வேண்டாம் என்பது அந்தத் தலைமுறைப் பெரியவர்களின் நினைப்பு. அவர் கட்டிய கல்லூரிக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். அதற்காக இதை எழுதாமல் விட முடியாது.

ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்கைச் சிபாரிசு செய்தது. பின்னர் அது ஆண்களைப் போல இருபத்தொன்றாகக் குறைக்கப்பட்டது. 1931 யூனில் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். பிரான்சில் பெண்களுக்கு இந்த உரிமை 1944இல்தான் கிடைத்தது. மேரி அம்மையாரின் தாய்நாட்டில், கியூபெக் மாகாணப் பெண்கள் மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? முழுச் சுயாட்சி இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை அறிவித்தது. வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1934இல்தான் அந்த இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. பகிஷ்கரித்தவர்களின் கொள்கைப்பற்றில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் வரலாற்றில் முதல்முறையாகக் கிடைத்த வாக்கை அந்தத் தொகுதிகளின் பெண்கள் மூன்று வருடம் பயன்படுத்த முடியாமற்போனது. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

கொழும்புத் தமிழ்ப் பெண்களின் கதை வேறு. கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்பு வடக்குத் தொகுதியில் 1931இல் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து வென்றார். தேர்தல் மனுவால் அவர் பதவி இழக்க, 1932 மே மாத இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்று அரசாங்க சபைக்குப் போனார். அட்லீன் மொலமுறைக்கு அடுத்தபடி அந்தச் சபையில் அமர்ந்த இரண்டாவது பெண், முதல் தமிழ்ப் பெண். துறைமுகத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் நிறைந்த கொட்டாஞ்சேனைச் சந்துகளில் பெண்கள் வாக்களிக்கப் போய் ஒரு வருடமே ஆகியிருந்தது. அதற்குள் ஒரு பெண்ணையே தெரிவு செய்து அனுப்பிவிட்டார்கள். நேசம் அம்மையார் 1941இல் காலமானார். அவரைப் பற்றியும் யாராவது தனியே எழுத வேண்டும்.

மேரி அம்மையார் தாமும் தேர்தலில் இறங்கினார். 1937இல் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அந்தச் சபையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். அப்போது அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு வயது. மேற்சொன்ன டொக்டர் சரவணமுத்துவே அந்த ஆண்டு மாநகரின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயர். ஆனால் அவருடைய பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவருடைய தெரிவு செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள்.

அதற்கு முன்பே அவர் வேறொரு பெரிய வேலையைத் தொடங்கியிருந்தார். அதுதான் 1930இல் உருவான லங்கா மகிளா சமித்தி. இதற்கு இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று அவர் பிறந்த ஒன்ராறியோவிலேயே 1897இல் தொடங்கிய கிராமப் பெண்கள் கழகம். அசுத்தமான பாலால் தன் குழந்தையைப் பறிகொடுத்த அடலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய், இனி எந்தத் தாயும் அறியாமையால் பிள்ளையை இழக்கக்கூடாது என்று தொடங்கியது. மற்றது வங்காளத்தில் சரோஜ் நளினி தத் 1913இலிருந்து நிறுவிய மகிளா சமித்திகள். அவர் 1925இல் இளவயதிலேயே மறைந்தபின் கணவர் குருசதய் தத் அந்த வேலையை விடாமல் கொண்டுபோனார். கனடாவின் கிராமத்தையும் வங்காளத்தின் கிராமத்தையும் பார்த்து, இலங்கைக் கிராமத்துக்கு ஏற்றபடி ஒன்றை மேரி அம்மையார் அமைத்தார்.

சமித்தியின் வேலை எளிமையானது. ஒரு கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடுவார்கள். வீட்டுத் தோட்டம், சத்துணவு, கிணறு, மலசலகூடம், குழந்தைப் பராமரிப்பு, நெசவு, கைப்பணி இவை பற்றிக் கற்பார்கள். தாங்களே கூட்டம் நடத்துவார்கள், கணக்கு எழுதுவார்கள். இந்தக் கடைசி இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தன் பெயரில் ஒரு சதமும் இல்லாத பெண் சங்கத்தின் காசுக்குக் கணக்கு வைக்கிறாள். கணவனுக்கு முன்னால் குரலை உயர்த்தாதவள் தலைமைக் கதிரையில் இருந்து கூட்டத்தை அமைதிப்படுத்துகிறாள். நமது சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்கள் இதன் பாரத்தையும் பெருமையையும் அறிவார்கள்.

1941இல் இந்தச் சமித்தியில் ஓர் இளம் பெண் சேர்ந்து, கிராமம் கிராமமாகச் சென்று வேலை செய்து படிப்படியாகப் பதவிகளுக்கு வந்தார். அவர் பெயர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 1960 யூலையில் உலகின் முதலாவது பெண் பிரதமரானார். அந்த ஆட்சியில் தமிழர்களாகிய நாம் பட்டவை வேறு கதை, அதை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் அவர் பொது வாழ்வைக் கற்றது எங்கே என்று கேட்டால் விடை இதுதான்.

குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசவே கூசிய 1930களில் அவர் அதைப் பகிரங்கமாகப் பேசினார், ஆலோசனை நிலையமும் நடத்தினார். சமயத் தலைவர்களிடமிருந்தும் பெரிய மனிதர்களிடமிருந்தும் வசை வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் முறையாக அமைந்தது 1953இல். அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே அவர் அந்த நிலத்தை உழத் தொடங்கிவிட்டார்.

வீட்டிலும் புரட்சி வளர்ந்தது. மகன் ரொபின் இரத்தினம் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளரின் 1933 வேலைநிறுத்தத்தில் பேர்பெற்ற இளைஞர்களே பின்னர் அந்தக் கட்சியை அமைத்தார்கள். தாய் மதுவிலக்கும் சுகாதாரமும் பேச, மகன் சமதர்மம் பேசினான். சாப்பாட்டு மேசையில் என்ன விவாதங்கள் நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்க்க ஆசையாயிருக்கிறது.

1958இல் பிலிப்பைன்ஸின் மகசேசே விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டன. அந்த முதல் வரிசையில் பூமிதானம் செய்த வினோபா பாவேயுடன் நம் மேரி அம்மையாரும் இருந்தார், பொதுச் சேவைக்காக. வயது எண்பத்தைந்து.

அந்த ஆண்டை நம்மில் மூத்தவர்கள் வேறு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். மே மாதக் கலவரத்தில் கொழும்பிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. அகதி முகாம்களில் இருந்தவர்கள் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் சிங்களக் கிராமங்களில் வேர்விட்ட ஓர் இயக்கத்தை ஆக்கியவர் ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்கியவர் என்பது அந்த வருடத்தில் எத்தனை பேருக்கு நினைவில் இருந்ததோ. 1896இல் அவருடைய நிறம் யாழ்ப்பாணத்தில் தடையாயிற்று. அறுபத்திரண்டு வருடம் கழித்து அவருடைய கணவரின் இனம் கொழும்பில் ஆபத்தாயிற்று. இரண்டுக்கும் நடுவே அவர் வேலை செய்துகொண்டே இருந்தார்.

1962இல், தொண்ணூறை நெருங்கிய வயதில், அவர் காலமானார். கலாநிதி குமாரி ஜயவர்த்தன அவரைப் பற்றி ஆங்கிலத்தில் சிறு நூலொன்று எழுதியிருக்கிறார். கிடைத்தால் வாங்கி, உயர்வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ரொறொன்ரோவில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. எலோரா உங்களிடமிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலப் பயணம். கிராண்ட் நதி சுண்ணாம்புக் கற்பாறைகளைக் குடைந்து ஓடும் அழகான இடம், கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலரும் போவதுண்டு. இந்த வருட ஒன்றுகூடலை அங்கே வைக்கலாமே. பழைய கற்கட்டடங்களின் தெருவில் நடக்கும்போது, இந்த ஊரில் பிறந்த ஒரு பெண்பிள்ளை நம் ஊருக்கு வந்து நம் பெயரைச் சுமந்து அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.